கண்ணாடிக்குள் பூத்த காடு... கடைசி பெஞ்ச் மாணவர் தீச்சுடரில் வளர்த்த பூக்கள்!

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு கண்ணாடி உருண்டை. அதற்குள் இதழ் விரித்த காட்டுப்பூ ஒன்று. பக்கத்தில் இன்னும் மலராத இரண்டு மொட்டு, பழுத்துச் சிவந்த நாலைந்து பழம், பூவைத் தேடி வந்த ஒரு தேனீ. உருண்டையைத் திருப்பிப் பார்த்தால், மண்ணோடு பிடுங்கியதுபோல வேர்கள். அந்த வேர்களுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால்... குட்டிக் குட்டியாக மனித உருவங்கள்!

முதல்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். நிஜப் பூவை எப்படி உள்ளே வைத்தார்கள்?

நிஜப் பூ இல்லை. உருகிய கண்ணாடி பட்டால் நிஜப் பூ ஒரு நொடியில் கருகிப் புகையாகிவிடும். உள்ளே இருக்கும் இதழ், காம்பு, வேர்த்தூவி, தேனீயின் இறக்கை எல்லாமே கண்ணாடி. ஒவ்வொன்றும் ஒரு சிறு தீச்சுடரின் முன்னால், இடுக்கியும் கண்ணாடிக் குச்சியும் வைத்துத் தனித்தனியாகச் செய்யப்பட்டவை. செய்தவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த பால் ஸ்டான்கார்ட். 1943-ல் பிறந்தவர். 'லேம்ப் ஒர்க்கிங்' எனப்படும் சுடர்க் கண்ணாடிக் கலையில் உலகம் மதிக்கும் பெயர்களில் ஒன்று. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம், லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், கண்ணாடிக்கென்றே இருக்கும் கார்னிங் மியூசியம் என்று பல இடங்களில் அவருடைய உருண்டைகள் இருக்கின்றன.

பள்ளியில் படித்தபோது கடைசி வரிசை மாணவர் அவர்.

அமெரிக்காவில் யாரோ கண்ணாடியில் பூ செய்தால் பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு என்ன வந்தது என்று நினைக்கலாம். நாடியம்மன் கோயில் திருவிழாக் கடைகளில் வளையல் வாங்கியிருக்கிறீர்களா? பஸ் ஸ்டாண்டு ஓரம் துணி விரித்து விற்கும் பாசிமணியைப் பேரம் பேசியிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கலை உங்கள் கைக்கும் கழுத்துக்கும் எப்போதோ வந்துவிட்டது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தச் சுடர்.

விளக்கும் ஊதுகுழலும்

கண்ணாடி வேலை என்றதும் பெரிய உலை, நீண்ட இரும்புக் குழாய், அதை வாயில் வைத்து ஊதும் ஆள் என்றுதான் மனசில் படம் வரும். அது வேறு வகை. லேம்ப் ஒர்க்கிங்கில் உலை இல்லை, மேஜைதான் பட்டறை. மேஜை மேல் ஒரு சுடர், கையில் கண்ணாடிக் குச்சி. சுடரில் காட்டினால் குச்சியின் நுனி தேன்போல இளகும். அதை இழுக்கலாம், சுற்றலாம், அழுத்தலாம், கிள்ளலாம். சுடரைவிட்டு எடுத்த சில நொடிகளில் இறுகிவிடும். அந்தச் சில நொடிக்குள்தான் முழு வேலையும்.

பழைய காலத்தில் எண்ணெய் விளக்கின் திரியில் எரியும் சுடரைத் துருத்தியால் ஊதிக் கூராக்கி வேலை செய்தார்கள். 'லேம்ப்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். இன்று ஆக்சிஜனும் சமையல் வாயு வகையும் கலந்து எரியும் டார்ச் வந்துவிட்டாலும் பெயர் மாறவில்லை. நம் கடைத்தெரு நகைப்பட்டறையில் பத்தர் ஊதுகுழலை வாயில் வைத்து, சுடரை வளைத்து, 'பொடி' வைத்துப் பற்றவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அதே கைநிதானம்தான். பொருள் மட்டும் தங்கத்துக்குப் பதில் கண்ணாடி.

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் உப்பு ஆய்வு செய்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். சுடர் சோதனையில் சோடியம் இருந்தால் பளீரென்று மஞ்சள் தெரியுமே... சாதாரணக் கண்ணாடியில் சோடியம் நிறையவே உண்டு. அதனால் கண்ணாடியைச் சுடரில் காட்டியதும் அதே மஞ்சள் வெளிச்சம் கண்ணை அடைத்துவிடும், உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. அதற்காக டிடிமியம் என்ற ஒருவகைக் கண்ணாடி பொருத்திய மூக்குக்கண்ணாடியை அணிவார்கள். அது அந்த மஞ்சளை மட்டும் குறிவைத்து வடிகட்டிவிடும். மஞ்சள் மறைந்ததும் இளகும் நுனி தெளிவாகத் தெரியும்.

இதில் கஷ்டமான பகுதி சூடேற்றுவது இல்லை, ஆற வைப்பதுதான். 'ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லையா' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்களே, அந்தப் பழமொழியைக் கண்ணாடிக்காரர்கள் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கலாம். கண்ணாடியின் வெளிப்பக்கம் முதலில் குளிர்ந்து சுருங்கும். உள்பக்கம் இன்னும் சூடாக, விரிந்தபடி இருக்கும். இரண்டும் இழுத்துக்கொண்டால் 'டக்'. சில நேரம் அந்த 'டக்' மறுநாள் கேட்கும், சில நேரம் மறுமாதம். அதனால் செய்து முடித்த பொருளைச் சூளையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் குறைப்பார்கள். கனமான உருண்டை என்றால் நாள்கணக்கில்கூட ஆகும்.

'படிப்பு வராது' என்ற பட்டம்

ஸ்டான்கார்ட் பெரிய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆட்டில்பரோவில். வாழ்க்கை அமைந்தது நியூ ஜெர்சியின் தென்பகுதியில். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. எழுத்துகள் மண்டையில் ஏறவில்லை, மதிப்பெண்கள் அடிமட்டத்தில் கிடந்தன. அவருக்கு இருந்தது டிஸ்லெக்சியா. அந்தக் காலத்தில் பள்ளியில் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பெயர் தெரிந்தபோது அவர் வளர்ந்து பெரியவராகியிருந்தார்.

அறிவில் குறை எதுவும் இல்லாமல், எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மட்டும் மூளை சிரமப்படுவதுதான் டிஸ்லெக்சியா. நம் ஊரில் இந்தச் சொல் பரவலாகக் காதில் விழுந்ததே 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்துக்குப் பிறகுதான். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் பட்டியலில் சேர்த்தது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் தமிழ்நாட்டிலும் உண்டு. ஆனால், அந்தச் சலுகையைக் கேட்க வேண்டும் என்றால், முதலில் யாராவது குழந்தைக்கு என்ன பிரச்னை என்று பார்த்திருக்க வேண்டும். 'மக்கு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்காது. 1950-களின் ஸ்டான்கார்டுக்கு நடந்தது அதுதான்.

ஒரு விஷயத்தில் அவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அவர் வளர்ந்த வட்டாரம் கண்ணாடி வட்டாரம். தெற்கு நியூ ஜெர்சியில் நல்ல சிலிக்கா மணலும், உலைக்கு வேண்டிய பைன் மர விறகும் ஏராளம். 1739-ல் காஸ்பர் விஸ்டார் என்பவர் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய தொழிற்சாலைதான் அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதல் கண்ணாடித் தொழிற்சாலை. (ஆமாம், அங்கேயும் ஒரு சேலம்!) அந்தச் சேலத்தின் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆய்வகக் கண்ணாடிக் கருவிகள் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நம் ஊர் ஐ.டி.ஐ மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். 1961-ல் அங்கே சேர்ந்த ஸ்டான்கார்ட், 1963-ல் படிப்பை முடித்தார்.

புத்தகத்தில் தோற்ற பையனுக்குச் சுடர் வசப்பட்டது.

பத்து வருடம் மற்றவர்களின் வரைபடம்

அடுத்த பத்து வருடம் அவர் செய்தது சயின்டிஃபிக் கிளாஸ் புளோயிங். வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் கண்டென்சர், சுருள் குழாய், பல வாய் குடுவை இவையெல்லாம் தானாக முளைப்பதில்லை. விஞ்ஞானி படம் வரைந்து கொடுப்பார், கண்ணாடிக்காரர் சுடரில் அதைச் செய்து தருவார். குழாய்க்குள் குழாய், அதற்குள் இன்னொரு குழாய், எங்கும் கசிவு இருக்கக் கூடாது, அளவு இம்மி பிசகக் கூடாது. பிலடெல்ஃபியாவில் இருந்த ரோம் அண்ட் ஹாஸ் என்ற ரசாயன நிறுவனத்தில் அவர் செய்தது இந்த வேலைதான்.

நல்ல வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், வளரும் குடும்பம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால், செய்வது எல்லாம் வேறொருவர் வரைந்த படம். சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற நச்சரிப்பு உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

1960-களின் முடிவில், வேலை முடிந்து வந்த பிறகு வீட்டிலேயே ஒரு சிறு இடத்தில் டார்ச்சைப் பொருத்தி, பேப்பர்வெயிட் செய்து பார்க்க ஆரம்பித்தார். பேப்பர்வெயிட் என்றால் நம் தாலுகா ஆபீஸில் ஃபேனுக்குப் பறக்கும் காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கண்ணாடி உருண்டையேதான். 1845 முதல் 1860 வரை ஃபிரான்ஸின் பக்காரா, சென் லூயி, கிளிஷி தொழிற்சாலைகள் செய்த பேப்பர்வெயிட்களை இன்றும் வைரம்போல ஏலம் எடுக்கிறார்கள். எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி அதற்கு அடிமையாகவே இருந்தார். ஸ்டான்கார்டின் சொந்த வட்டாரத்திலேயே, மில்வில் ஊர்த் தொழிலாளர்கள் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த 'மில்வில் ரோஜா' பேப்பர்வெயிட்டுக்குத் தனி மரியாதை உண்டு.

தொழிற்சாலையில் கற்றது இங்கே நேரடியாகக் கை கொடுக்கவில்லை. ஆய்வகக் கருவிகள் போரோசிலிகேட் என்ற கண்ணாடியால் ஆனவை. சூட்டில் அது விரிவது குறைவு, சாதாரணக் கண்ணாடி விரிவதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அடுப்பில் வைத்தாலும் உடையாத பாத்திரம் அதனால்தான் சாத்தியமாகிறது. பேப்பர்வெயிட்டுக்குப் பளபளக்கும் வேறு கண்ணாடி வேண்டும், பூவுக்கு நிறக் கண்ணாடிகள் வேண்டும். உள்ளே இருக்கும் சிவப்பு இதழும் வெளியே மூடியிருக்கும் தெளிந்த கண்ணாடியும் ஒரே அளவில் விரிந்து, ஒரே அளவில் சுருங்கினால்தான் பிழைக்கும். ஒன்று முந்திக்கொண்டால் இதழோரம் மயிரிழை விரிசல். பொருந்தும் நிறங்களைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை, செய்து உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சம்பளத்தை விட்ட வருடம்

1972-ல் வேலையை விட்டார் ஸ்டான்கார்ட்.

மொத்தம் ஐந்து பிள்ளைகளின் அப்பா அவர். 'கண்ணாடி உருண்டையில பூ செய்யப் போறேன்' என்று ஒருவர் மாதச் சம்பளத்தை உதறினால், பட்டுக்கோட்டையில் மாமனார் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியிருப்பார்கள். மனைவி பேட்ரீசியா துணைக்கு நின்றார். அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நடைபாதையில் நடந்த ஒரு கைவினைக் கண்காட்சியில் அவருடைய உருண்டைகளைப் பார்த்த ரீஸ் பாலி என்ற கலைக்கூட உரிமையாளர், 'நான் பார்த்துக்கொள்கிறேன், நீ முழுநேரமும் இதைச் செய்' என்கிற அளவுக்குப் பணஉதவியோடு முன்வந்தார். அந்த நம்பிக்கையில் எடுத்த முடிவு அது.

அன்றைய கலை உலகத்தில் சுடர்க் கண்ணாடிக்கு மரியாதை கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த முடிவின் கனம் புரியும். 1962-ல் டொலிடோ நகரில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பயிலரங்குகளில் இருந்து அமெரிக்காவில் 'ஸ்டூடியோ கிளாஸ்' இயக்கம் கிளம்பியது. தொழிற்சாலையிலிருந்து கண்ணாடியைக் கலைஞனின் பட்டறைக்குக் கொண்டுவந்த இயக்கம். ஆனால், அவர்களுடைய கவனம் உலையில் ஊதும் பெரிய வடிவங்களின் மேல் இருந்தது. மேஜைச் சுடரில் செய்பவர்கள் என்றால் பொருட்காட்சியில் குழந்தைகளுக்குக் கண்ணாடி அன்னமும் கப்பலும் செய்து விற்பவர்கள் என்ற இளக்காரம். அதுவும் பேப்பர்வெயிட்டா? பாட்டி வீட்டு அலமாரிச் சாமான்!

அந்த இளக்காரத்துக்கு ஸ்டான்கார்ட் வாயால் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. காட்டுக்குப் போனார்.

வரப்போரத்துப் பூக்கள்

ரோஜாவும் டூலிப்பும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டைச் சுற்றியிருக்கும் புதர்களிலும் தெற்கு நியூ ஜெர்சியின் பைன் காடுகளிலும் யாரும் விதைக்காமல் முளைக்கும் பூக்களைக் குனிந்து பார்த்தார். நம் பக்கம் சொல்வதென்றால் வரப்போரத் தும்பை, வாய்க்கால் மேட்டு ஆவாரை, வேலியில் ஏறிய சங்குப்பூ மாதிரி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்லிவைத்துவிட்டுப் போனார், நாம்தான் அவற்றில் பாதியை அடையாளம் தெரியாமல் மிதித்துக்கொண்டு நடக்கிறோம்.

பூவை மட்டும் செய்தால் அவருக்குப் போதவில்லை. மொட்டு, மலர், காய், பூச்சி கடித்த இலை, வாடிய இதழ், மண்ணுக்கடியில் இருக்கும் வேர் என்று ஒரு செடியின் முழு வாழ்க்கையும் உருண்டைக்குள் வர ஆரம்பித்தது. 1980-களில் உருண்டையையும் தாண்டினார். நிமிர்ந்து நிற்கும் செவ்வகக் கண்ணாடிப் பாளங்களாகச் செய்தார். மேலே பூ, கீழே வேர்கள், அந்த வேர்களிலேயே பின்னிக் கிடக்கும் மனித உருவங்கள். 'ரூட் பீப்பிள்' என்று பெயர். வேர் மனிதர்கள். மண்ணுக்குள் இருக்கும் ஏதோ ஓர் உயிர்ப்பு என்பது அவர் கற்பனை. எல்லைச்சாமியும் மரத்தடித் தெய்வமும் உள்ள ஊர்க்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

செய்முறை இப்படி. முதலில் நிறக் கண்ணாடிக் குச்சிகளைச் சுடரில் இளக்கி, இதழ் இதழாக, மகரந்தத் தூள் அளவுப் புள்ளிகள் உட்பட எல்லாப் பாகங்களையும் செய்து சேமித்துக்கொள்வார். ஒரு பூவுக்குள்ளேயே ஏராளமான துண்டுகள் இருக்கும். அவற்றைச் சுடரால் தொட்டுத் தொட்டு ஒட்டி, ஒரு தட்டின் மேல் அமைப்பார். அந்த அமைப்பு முழுவதையும் சூடேற்றி, அதன் மேல் உருகிய தெளிந்த கண்ணாடியை இறக்குவார். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் குமிழி. குமிழி பூவின் மேல் விழுந்தால் வாரக்கணக்கான வேலை போச்சு. அதனால் காற்றை உறிஞ்சி எடுத்தபடியே மூட வேண்டும். பிறகு சூளையில் ஆற வைத்து, சாணை பிடித்து, மெருகேற்ற வேண்டும்.

இவ்வளவும் ஒற்றை ஆள் வேலை இல்லை. மான்டுவா என்ற ஊரில் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் அவருடைய மகள்களும் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். கைத்தறி வீடுகளில் அப்பா தறியிலும் பிள்ளைகள் நூல் சுற்றுவதிலும் இருப்பார்களே, அந்தக் காட்சிதான்.

காதால் படித்த கவிதை

வாசிக்க முடியாமல் தவித்த அந்த மனிதருக்கு இலக்கியம் வேறு வழியில் வந்து சேர்ந்தது. பார்வையற்றவர்களுக்காகவும் வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்காகவும் பதிவு செய்யப்பட்ட 'பேசும் புத்தகங்களை' வேலை செய்துகொண்டே கேட்க ஆரம்பித்தார். கை சுடரில், காது கதையில். அப்படி அவருக்குள் ஆழமாக இறங்கியவர் கவிஞர் வால்ட் விட்மன். நம் பாரதியார் வியந்து எழுதிய அதே விட்மன்தான். அவர் தன் கடைசிக் காலத்தைக் கழித்து, 1892-ல் இறந்த காம்டன் நகரம், ஸ்டான்கார்டின் பட்டறையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஒரு புல் இதழுக்கும் மரியாதை கொடுத்த அந்தக் கவிஞனில், வரப்புப் பூவைக் குனிந்து பார்த்த இந்தக் கலைஞர் தன் ஆளைக் கண்டுகொண்டார்.

பிறகு எழுத்துகளும் கண்ணாடிக்குள் வந்தன. 'விதை', 'மகரந்தம்', 'ஈரம்' போன்ற ஆங்கிலச் சொற்கள் வேர்களுக்கு நடுவே குட்டியாகத் தெரியும். பேனாவால் எழுதியவை அல்ல. நிறக் கண்ணாடித் துண்டுகளை எழுத்து வடிவில் அடுக்கிக் கட்டையாக்கி, சூடேற்றி, இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். திருவிழாவில் ஜவ்வு மிட்டாய்க்காரர் மூங்கில் கழியிலிருந்து மிட்டாயை இழுக்கும்போது சிவப்புக் கோடும் வெள்ளைக் கோடும் எவ்வளவு மெலிந்தாலும் கலைந்துவிடாமல் போகுமே, அதே கதைதான். கட்டை குச்சியாக மெலிந்தாலும் உள்ளே எழுத்து அப்படியே இருக்கும். குறுக்கே நறுக்கினால் வில்லைக்கு ஒரு சொல். எழுத்தோடு மல்லுக்கட்டிய ஒருவர் சொற்களை இப்படிச் சூட்டில் இழுத்து எழுதியிருக்கிறார் என்பதை யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

2007-ல் அவர் தன் சுயசரிதையையும் வெளியிட்டார். 'காயும் வேண்டாம், இலையும் வேண்டாம்' என்று தமிழில் சொல்லலாம் அதன் தலைப்பை. சிறுவயதில் காட்டுப்பழம் பறிக்கப் போனபோது வீட்டில் சொன்ன கண்டிப்பு அது. கூடையில் பழுத்த பழம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

அவருக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே லியோபோல்ட் பிளாஷ்கா, ருடால்ஃப் பிளாஷ்கா என்று ஓர் அப்பாவும் மகனும் இருந்தார்கள். தாவரவியல் மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக 1887 முதல் 1936 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குக் கண்ணாடிச் செடிகள் செய்துகொடுத்தவர்கள். சுமார் 4,300 மாதிரிகள், ஏறத்தாழ 780 வகைத் தாவரங்கள். அப்பா 1895-ல் இறந்துபோக, மகன் மேலும் 40 வருடம் தனியாகவே செய்தார். அவருக்குப் பிள்ளை இல்லை, சிஷ்யரும் இல்லை. 1939-ல் ருடால்ஃப் இறந்ததோடு அந்தக் கைப்பக்குவமும் போய்விட்டது.

ஸ்டான்கார்ட் அந்த வழியில் போகவில்லை. தான் படித்த சேலம் நிறுவனத்துக்கே, அது கல்லூரியாக வளர்ந்த பிறகு, ஆசிரியராகத் திரும்பிப் போனார். சுடர்க் கண்ணாடிக் கலைஞர்களுக்கான சர்வதேச மாநாடும் அந்தக் கல்லூரியில்தான் நடந்து வருகிறது. மதிப்பெண் எடுக்காத பிள்ளைகளை அங்கே அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

வளையலில் இருக்கும் ஒட்டு

இனி நம் கைவளையலுக்கு வருவோம். திருவிழாக் கடையில் டஜன் கணக்கில் வாங்கும் கண்ணாடி வளையல் பெரும்பாலும் உத்தரப்பிரதேசத்தின் ஃபிரோசாபாத்திலிருந்து வருகிறது. தொழிற்சாலை உலையில் கண்ணாடியைச் சுருள் கம்பிபோலச் சுற்றி எடுத்து, வெட்டுவார்கள். அப்போது ஒவ்வொரு வளையலும் முனை சேராத வளையம். அந்த இரண்டு முனைகளையும் ஒட்டும் வேலை தொழிற்சாலையில் நடப்பதில்லை. கட்டுக்கட்டாக வீடுகளுக்குப் போகும். சின்ன விளக்குச் சுடரின் முன் உட்கார்ந்து, முனைகளை இளக்கி, ஒட்டித் திருப்பிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சில நேரம் குழந்தைகள். புகை, கண் எரிச்சல், ஃபேன் போட்டால் சுடர் அணைந்துவிடும் என்பதால் காற்றில்லாத அறை, கையில் சொற்பக் கூலி.

லேம்ப் ஒர்க்கிங் என்றால் இதுவும்தான். அங்கே ஓர் உருண்டைக்குள் கலைஞரின் பெயர் இருக்கிறது. இங்கே வளையலின் ஒட்டைத் தடவிப் பார்த்தால் ஒரு சிறு மேடு மட்டும் விரலில் தட்டுப்படும்.

தாஜ்மஹாலுக்கு மாசு சேர்கிறது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்த வட்டாரத் தொழிற்சாலைகளை நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறச் சொன்னது. தாஜ்மஹாலின் பளிங்குக்குக் கிடைத்த கவனம் அந்த அறைகளின் புகைக்குக் கிடைத்ததா என்று கேட்டால், பதில் அவ்வளவு பளிச்சென்று வராது. வாரணாசியில் சுடரில் சுற்றிச் செய்யும் மணிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது ஓரளவு ஆறுதல்.

மணி என்றால் நமக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமானியப் பானைகளோடு, சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளும் அங்கே குவியலாகக் கிடைத்திருக்கின்றன. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கிய மணிகள் அவை. பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற அமெரிக்க மணி ஆய்வாளர் இவ்வகை மணிகளுக்கு 'இந்தோ பசிபிக் மணி' என்று பெயர் வைத்தார். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவையும் தாண்டிக் கடல் வழியாகப் பரவியவை. கீழடியிலும் கண்ணாடி மணிகள் கிடைத்தன. திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் இதே இழுப்பு முறையில் மணி செய்யும் குடும்பங்களை ஆய்வாளர்கள் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

ஸ்டான்கார்டின் உருண்டையைப் பார்க்க அமெரிக்காவோ லண்டனோ போக வேண்டும். அரிக்கமேட்டு மணிகளைப் பார்க்கப் புதுச்சேரி அருங்காட்சியகம் போதும். பாசிமணி கையில் கிடைத்தால், ஒரு லென்ஸ் வைத்து அதன் துளையைப் பாருங்கள். உள்ளே இருக்கும் நுண்ணிய குமிழிகளும் கோடுகளும் துளையோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடினால், அது குழாயாக இழுத்து நறுக்கிய மணி. துளையைச் சுற்றி வட்டமாக ஓடினால், யாரோ ஒருவர் சுடருக்கு முன்னால் உட்கார்ந்து, கம்பியின் மேல் ஒவ்வொன்றாகச் சுற்றிச் செய்தது.